மண்டியிட்டும் சம்மணமிட்டும்: அமர்வு ஆசனங்களின் செய்முறையும் வந்த வழியும்

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே சூத்திரங்கள். உறுதியும் சுகமும் சேர்ந்த இருப்பே ஆசனம். முயற்சியைத் தளர்த்தி மனத்தை எல்லையற்றதில் நிறுத்தினால் அது கைகூடும். கைகூடியவரைக் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் வருத்துவதில்லை. அவ்வளவுதான். எந்தக் காலை எங்கே மடக்குவது என்ற பேச்சே அதில் இல்லை. பெயர்ப் பட்டியல் வருவது வியாசர் பெயரில் வழங்கும் உரையில்: பத்மாசனம், வீராசனம், பத்ராசனம், ஸ்வஸ்திகம், தண்டாசனம், சோபாஸ்ரயம், பர்யங்கம், கிரௌஞ்ச நிஷதனம், ஹஸ்தி நிஷதனம், உஷ்ட்ர நிஷதனம், சமசம்ஸ்தானம். ஏறக்குறைய எல்லாமே உட்காரும் நிலைகள். மூச்சைக் கவனிக்கவும் மனத்தை நிறுத்தவும் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியவர்கள் கண்டுபிடித்த இருக்கைகள் இவை.

ஆகவே கீழே உள்ள செய்முறைகளுக்கு ஒரே அளவுகோல் போதும்: பத்து நிமிடம் கழித்தும் மூச்சு சீராக ஓடுகிறதா, எழுந்தபின் முழங்கால் நலமாக இருக்கிறதா? படத்தில் உள்ளவரைப் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் முழங்கால்களைக் கெடுக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே பெயர் நூலுக்கு நூல் வேறு நிலையைக் குறிக்கும். பெயரை வைத்துப் பழமையை அளக்காதீர்கள். கால் எங்கே, பாதம் எங்கே என்று நூல் சொல்வதைப் பாருங்கள்.

முதலில் இருக்கையின் உயரம்

தரையில் உட்கார்ந்ததும் முதுகு கூனுகிறது என்றால் குறை முதுகில் இல்லை. இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்துவிட்டது. தொடையின் பின்தசையும் பிட்டத் தசையும் இறுகியவருக்குக் காலை மடக்கிய உடனே இது நேரும். அந்த நிலையில் முதுகை மட்டும் வலிந்து நிமிர்த்தினால் சில நிமிடங்களில் கீழ்முதுகு வலிக்கும். இருக்கையை உயர்த்துவதே தீர்வு.

கெட்டியான பருத்திப் போர்வையையோ ஜமக்காளத்தையோ மடித்து 8 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் 15 செ.மீ. வரை ஏற்றலாம். பஞ்சுத் தலையணை வேண்டாம். அது ஒரு பக்கமாக அமுங்கி இடுப்பைச் சாய்த்துவிடும். மடிப்பின் முன்விளிம்பில் பிட்டம் மட்டும் இருக்கட்டும், தொடைகள் முன்னால் சரிந்து இறங்கட்டும். பிட்டத்துச் சதையைக் கையால் பின்னுக்கு ஒதுக்கினால் அடியில் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உடலின் எடை அவற்றின் மேல் சமமாக நிற்க வேண்டும்.

உயரம் போதுமா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. சம்மணமிட்டால் முழங்கால்கள் இடுப்பு மூட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அடுத்து, விரல்களைக் கீழ்முதுகில் வைத்துப் பாருங்கள். முதுகெலும்பின் முட்கள் வரிசையாகப் புடைத்துத் தெரிந்தால் இன்னொரு மடிப்பு தேவை.

இது புதிய வசதி என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் இருக்கையைப் பற்றியே பேசுகிறது: தர்ப்பை, தோல், துணி இவற்றால் அமைந்தது, மிக உயர்ந்ததும் அல்ல, மிகத் தாழ்ந்ததும் அல்ல. அதன் பிறகே உடல், தலை, கழுத்து மூன்றையும் நேராக நிறுத்தச் சொல்கிறது. சுவேதாசுவதர உபநிடதமும் மார்பு, கழுத்து, தலை மூன்றும் நிமிர்ந்த உடலைக் கேட்கிறது. கால் மடிப்பைவிட முதுகின் நேர்மைக்கே பழைய நூல்கள் அதிக இடம் தந்தன.

வஜ்ராசனம்

மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காருவதை இன்று வஜ்ராசனம் என்கிறோம். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் மண்டியிடும் வஜ்ராசனம் இல்லை. சித்தாசனத்தைச் சிலர் வஜ்ராசனம் என்பர் என்ற குறிப்பு மட்டும் உண்டு. பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதை, கணைக்கால்களை வஜ்ரம்போல் உறுதியாக்கி, பாதங்களை ஆசனவாயின் இரு பக்கங்களிலும் வைக்கச் சொல்கிறது. இன்றைய வகுப்பில் இதைச் செய்தால் வீராசனம் என்பார்கள். போத்கயாவில் போதி மரத்தடியில் இருக்கும் கற்பலகைக்கும் வஜ்ராசனம் என்றே பெயர்; அங்கே ஆசனம் என்பது அமரும் இடத்தையே குறிக்கிறது.

செய்முறை:

1. இரண்டாக மடித்த போர்வையை விரித்து அதன்மேல் மண்டியிட்டு நில்லுங்கள். முழங்காலிலிருந்து கால்விரல் நுனி வரை போர்வைமேல் இருக்கட்டும்.
2. முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள். புறங்கால் தரையில் படியட்டும். இரண்டு பெருவிரல்களும் தொட்டுக்கொண்டிருக்க, குதிகால்கள் வெளிப்புறம் விரியட்டும். ஒரு பாதம் மற்றொன்றின்மேல் ஏறக்கூடாது. ஏறினால் இடுப்பு ஒருபக்கம் சாயும்.
3. கைகளை முன்னே ஊன்றி, எடையைக் கைகளில் வைத்துக்கொண்டே பின்னால் இறங்குங்கள். குதிகால்கள் விரிந்ததால் உண்டான குழியில் பிட்டம் அமரும்.
4. உள்ளங்கைகளைத் தொடைமேல் வைத்து, உச்சந்தலையை மேல்நோக்கி உயர்த்துங்கள். விலாவை முன்னால் தள்ளாதீர்கள்.

முதல் வாரம் ஒரு நிமிடம் போதும். பிறகு மெல்ல ஐந்து நிமிடம் வரை போகலாம். மற்ற ஆசனங்களுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டபின்னும் உட்காரலாம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இது ஒன்றே.

வலி எங்கே வருகிறது என்பதே எதைத் திருத்துவது என்றும் சொல்லிவிடும். கணுக்காலின் முன்பக்கம் வலித்தால் துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வையுங்கள். முழங்காலின் பின்குழி நெரிந்தால் மடித்த கைக்குட்டையையோ சிறு துண்டையோ அந்தக் குழிக்குள் ஆழமாகச் செருகிவிட்டு உட்காருங்கள். மூட்டு சற்று விலகி இடம் கிடைக்கும். முழங்கால்சில்லைச் சுற்றி வலித்தால் மூட்டு அளவுக்கு மீறி மடங்குகிறது என்று பொருள். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே கெட்டியான மடிப்பு ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

மரத்துப்போவதை அலட்சியம் செய்யக்கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், எலும்பை ஒட்டி ஓடும் நரம்புதான் பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குகிறது. மணிக்கணக்கில் மண்டியிட்டு அமர்ந்தவருக்குப் பாதம் தொங்கிப்போன நிலையை 1971இலேயே மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. பாதத்தில் ஊசி குத்துவதுபோல் தொடங்கியதும் எழுந்துவிடுங்கள். எழும்போதும் கைகளை ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி, ஒவ்வொரு காலாக முன்னே நீட்டி, உணர்வு முழுதாகத் திரும்பியபின் நில்லுங்கள். மரத்த காலோடு எழுந்து நடந்தால் கணுக்கால் மடங்கிச் சுளுக்கும். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, மறுநாளும் உணர்வு குறைந்திருந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று வீராசனங்கள்

வீராசனம் வியாசர் பட்டியலிலேயே உண்டு. அதற்கு விளக்கம் தரும் வாசஸ்பதி மிச்ரர், ஒரு பாதம் தரையில் ஊன்றியிருக்க, மற்றதை மடங்கிய முழங்காலின்மேல் வைப்பது என்கிறார். தட்சிணாமூர்த்தி சிலைகளில், ஒரு கால் கீழே ஊன்றி மறுகால் மடங்கித் தொடைமேல் கிடக்கும் இருப்பைச் சிற்பநூல் வழக்கில் வீராசனம் என்பதும் இதற்கு நெருங்கியதே. ஹடயோக பிரதீபிகை சொல்வது வேறு: ஒரு பாதம் எதிர்த்தொடையின் மேல், மற்றது எதிர்த்தொடையின் கீழ். அதாவது இன்று அரைப் பத்மாசனம் என்கிறோமே, அதுபோல. குதிகால்களை விலக்கி நடுவில் தரையில் உட்காரும் மூன்றாவது வகைதான் பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலின் வழியாக உலகெங்கும் பரவியது. திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்களை வரிசைப்படுத்தும்போது வீரத்தின் பெயரைச் சொல்கிறது.

மூன்றாவது வகையைச் செய்யும்போது வஜ்ராசனத்தைவிடக் கவனம் கூடுதலாக வேண்டும். மண்டியிட்டு, முழங்கால்களைச் சேர்த்து, பாதங்களை இடுப்பின் அகலத்தைவிடச் சற்றே விலக்கி வையுங்கள். கால்விரல்கள் நேராகப் பின்னோக்கட்டும். உட்காருவதற்கு முன் கட்டைவிரலால் கெண்டைக்கால் தசையை முழங்காலுக்கு அருகில் பிடித்து, வெளிப்புறமும் கீழ்ப்புறமுமாக ஒதுக்குங்கள். தொடைக்கும் கணைக்காலுக்கும் நடுவே தசை சிக்கினால் மூட்டு நெம்பப்படும். பலரும் தவறவிடும் படி இதுவே. பிறகு மெல்ல இறங்குங்கள். பிட்டம் தரையைத் தொடாவிட்டால், பெரும்பாலோருக்குத் தொடாது, கெட்டியான மரக்கட்டையோ அடுக்கிய புத்தகங்களோ இரண்டு எலும்பு முனைகளையும் தாங்கட்டும்.

பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, சிறுபிள்ளைகள் உட்காருவதுபோல் உட்காரக்கூடாது. அப்போது கணைக்கால் வெளிப்புறம் முறுகி முழங்காலின் உட்பக்கத் தசைநார் இழுபடும். அன்று வலிக்காது, பல வாரங்கள் கழித்துப் படி இறங்கும்போது தெரியும். முதலில் 30 விநாடி, பிறகு இரண்டு நிமிடம், தாங்கினால் ஐந்து.

யோகப்பட்டை: மறந்துபோன நல்ல உதவி

வியாசர் பட்டியலில் உள்ள சோபாஸ்ரயம், ஆதாரத்தோடு அமரும் ஆசனம். யோகப்பட்டையைக் கொண்டு அமர்வது என்று வாசஸ்பதி மிச்ரர் விளக்குகிறார். அந்தப் பட்டையைக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சபரிமலை ஐயப்பனின் முழங்கால்களைச் சுற்றியிருப்பது அதுவே. சோளிங்கர் மலையிலும் மேல்கோட்டையிலும் நரசிம்மர் யோக நிலையில் இருக்கிறார். ஹம்பியில் 1528இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய நரசிம்மரின் முழங்கால்களை இணைக்கும் பட்டை இன்றும் தெளிவாகத் தெரியும். முதுகின் பாரத்தை முழங்கால்களும் முழங்கால்களின் பாரத்தை முதுகும் தாங்கும்படி ஒரு துணி செய்துவிடுகிறது. நெடுநேரத் தவத்துக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. இன்றைய வகுப்புகளில் இது கிட்டத்தட்ட மறைந்துபோனது வருத்தம்தான்.

எட்டு முழ வேட்டி ஒன்று போதும். நான்கு முழத்தில் முடிச்சுக்குத் துணி போதாது. வேட்டியை நீளவாக்கில் மடித்து ஒரு கையகலப் பட்டையாக்குங்கள். 8 செ.மீ. இருக்கையில் அமர்ந்து, முழங்கால்களை மேலே தூக்கி, கணுக்கால்களைக் குறுக்காகப் போடுங்கள். பட்டையை இடுப்பெலும்பின் பின்பக்கம் தாழ்வாகச் சுற்றி, முழங்கால்சில்லுக்குக் கீழே கணைக்கால்களின் வெளிப்புறமாக முன்னே கொண்டுவந்து, பக்கவாட்டில் முடியுங்கள். முதுகை நிமிர்த்தியபடியே இறுக்க வேண்டும். கூனிய நிலையில் இறுக்கினால் கூனலே நிலைத்துவிடும். பட்டை இடுப்புக்கு மேலே ஏறினால் விலாவை அழுத்தி மூச்சைக் குறைக்கும், கீழே இறக்கிவிடுங்கள். முழங்கால்களை வெளியே சாய விட்டாலும் அவை விழாமல் நின்றால் இறுக்கம் சரி. சம்மணமிட முடியாத பலர் இப்படிப் பத்து நிமிடம் சுகமாக இருக்கிறார்கள்.

குந்தி அமர்வதும் தவ நிலையாகவே மதிக்கப்பட்டது. மகாவீரர் கேவல ஞானம் பெற்றது பசு கறப்பவர் குந்தும் நிலையில், கோதோகிகாவில், என்று சமண நூல்கள் சொல்கின்றன.

சம்மண வகைகள்

ஸ்வஸ்திகாசனத்தைத்தான் நாள்தோறும் அமர்வதற்கு முதலில் பரிந்துரைக்க வேண்டும். பாதங்களை எதிர்க்காலின் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே செருகி நேராக இருத்தல் என்று ஹடயோக பிரதீபிகை சொல்லும் முறை இன்றும் அப்படியே பொருந்துகிறது. சாதாரணச் சம்மணத்தில் கணுக்கால் எலும்பு தரையில் குத்தும். இதில் பாதம் சதைக்குள் அமர்ந்துவிடுவதால் குத்தாது. திருமூலரும் பத்மம் முதலான எட்டு ஆசனங்களைச் சுட்டும் பாடலில் ஸ்வஸ்திகத்தை எடுத்துச் சொல்கிறார். எந்தக் கால் மேலே என்பதை நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

சித்தாசனத்தில் ஒரு குதிகால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே படியும், மறுகால் அதன்மேல். 84 ஆசனங்களில் சித்தம், பத்மம், சிம்மம், பத்ரம் நான்கே சாரம், அவற்றிலும் சித்தமே தலை என்று சுவாத்மாராமர் உறுதியாகச் சொல்கிறார். குதிகாலை மெல்லப் படியவிட்டால் போதும், அழுத்தக் கூடாது. அந்த இடத்தில் நரம்புகள் மிகுதி. அங்கே மரத்தால் இருக்கையை உயர்த்துங்கள்.

பத்ராசனத்துக்கு வாசஸ்பதி மிச்ரர் தரும் விளக்கம், உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து அதன்மேல் கைகளைக் குவிப்பது. இன்று பத்தகோணாசனம் என்றும் பட்டாம்பூச்சி என்றும் சொல்கிறோம். திருமந்திரத்தின் பத்திராசனமோ வலக்காலை மேலே வைத்து, முழந்தாளில் கையை நீட்டி, உடலைச் செவ்வே இருத்துவது. மொகஞ்சதாரோவில் கிடைத்த கொம்புத் தலையணி முத்திரை உருவம் குதிகால் சேர்த்து அமர்ந்திருப்பதால் யோகத்தின் தொடக்கம் அங்கே என்பார்கள். 1931இல் ஜான் மார்ஷல் அதைச் சிவனின் முன்வடிவம் என்றார். ஆனால் சிந்து எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஒரு முத்திரையின் கால் அமைப்பை மட்டும் வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்குப் போவது சரியல்ல.

பத்ராசனம் செய்கையில் முழங்கால்களைக் கையால் அமுக்காதீர்கள், படபடவென்று ஆட்டாதீர்கள். குதிகாலை உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தொடைகள் தம் எடையாலேயே இறங்க மூன்று நிமிடம் விடுங்கள்.

பத்மாசனம்: முழங்காலுக்கு எங்கே ஆபத்து

முழங்கால் கதவின் கீல்போல மடங்கவும் நீளவுமே அமைந்தது; முறுகும் அளவு மிகக் குறைவு. பத்மாசனத்துக்குத் தேவையான சுழற்சி முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாதபோது பாதத்தைப் பிடித்து இழுத்தால், அந்தச் சுழற்சியை முழங்கால் ஏற்கிறது. உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்குகிறது. சிலருக்கு இடுப்புக்குழியின் எலும்பு அமைப்பே இந்த அளவு திரும்ப விடாது. அவர்கள் ஸ்வஸ்திகத்தில் அமர்வதால் எதையும் இழப்பதில்லை.

தகுதியைச் சோதிக்க: இருக்கையில் அமர்ந்து வலப்பாதத்தை மட்டும் இடத்தொடையின்மேல் வையுங்கள். வலமுழங்கால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கி நின்றால் இரண்டாம் காலை ஏற்ற வேண்டாம். சில மாதம் பத்ராசனம் செய்யுங்கள்.

தகுதி இருந்தால்:

1. காலை நீட்டி அமருங்கள். கணுக்கால்களும் விரல்களும் சேர்ந்த இந்த நிலையே வியாசர் பட்டியலின் தண்டாசனம்.
2. வலமுழங்காலை முதலில் முழுமையாக மடக்குங்கள். கெண்டைக்கால் தொடையோடு ஒட்டட்டும். பாதி மடங்கிய முழங்கால்தான் முறுகும்.
3. மடங்கியது மடங்கியபடி, தொடையை இடுப்பிலிருந்து வெளிப்புறம் திருப்பி முழங்காலைச் சாயுங்கள்.
4. இரண்டு கைகளாலும் கணைக்காலைத் தாங்கிப் பாதத்தைத் தொடையின் மேல், கவட்டை ஒட்டி வையுங்கள். உள்ளங்கால் மேல்நோக்கட்டும். பாதத்தை மட்டும் பிடித்து இழுத்தால் கணுக்கால் வளைந்து வெளிப்பக்கம் இழுபடும்.
5. இடக்காலையும் அப்படியே வலத்தொடைமேல் ஏற்றுங்கள்.

முழங்காலின் உட்பக்கத்தில் கூர்மையான வலி வந்தால் அந்த நொடியே இறக்குங்கள். தொடையின் வெளிப்பக்கமும் பிட்டமும் இழுப்பது இயல்பு. இறக்கும்போதும் மேலே உள்ள காலைக் கையால் தூக்கியே இறக்க வேண்டும்.

கைகளை முதுகுக்குப் பின்னே குறுக்காகக் கொண்டுபோய்க் கால் பெருவிரல்களைப் பிடிக்கும் முறையை ஹடயோக பிரதீபிகை முதலில் சொல்கிறது. கைகளை மடியில் வைப்பதை அடுத்துச் சொல்கிறது. திருமூலர் சொல்வதும் மடியில் கைவைக்கும் அமைதியான பத்மாசனமே. பத்மாசனக் கால்களோடு முழங்கையில் உடலைத் தூக்கும் குக்குட ஆசனத்தையும் அவர் பாடியிருக்கிறார். ஆசிரியர் அருகில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

சிங்கமும் ஒட்டகமும்

சிங்காசனத்துக்கு மண்டியிட்டு, கணுக்கால்களைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்து, உள்ளங்கைகளை முழங்கால்மேல் விரல்விரித்து வையுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்து, நாக்கை முகவாய் நோக்கி நீட்டி, பார்வையை மூக்கு நுனியில் நிறுத்தி மூச்சை விடுங்கள். நான்கைந்து முறை போதும். திறந்த வாய், மூக்கு நுனிப் பார்வை, முழந்தாளில் நீட்டிய கை மூன்றையும் திருமந்திரப் பாடலே சொல்கிறது. ‘ஹா’ என்ற ஒலி அந்தப் பாடலில் இல்லை. தொண்டையை உரசிக் கத்தாமல் வயிற்றிலிருந்து விடுங்கள்.

உஷ்ட்ராசனத்தின் கதை நீண்டது. வியாசர் சொன்ன உஷ்ட்ர நிஷதனத்தை, ஒட்டகம் அமர்ந்திருப்பதைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும் என்கிறார் வாசஸ்பதி மிச்ரர். கேரண்ட சம்ஹிதையின் உஷ்ட்ராசனம் குப்புறப் படுத்துக் கால்களைப் பின்னே மடக்கிப் பிடிப்பது. மண்டியிட்டுப் பின்னால் வளையும் இன்றைய வடிவம் இரண்டிலும் இல்லை.

அதைச் செய்வதானால் சுவரை ஒட்டி மண்டியிடுங்கள், தொடைகளின் முன்பக்கம் சுவரைத் தொடட்டும். முழங்கால்கள் இடுப்பகலம். கால்விரல்களை மடித்து ஊன்றினால் குதிகால் உயர்ந்து கைக்கு எட்டும். கைகளை இடுப்பில் வைத்து மார்பெலும்பை முதலில் மேலே தூக்குங்கள். தூக்கியபின்னே பின்னால் வளையுங்கள். தொடைகள் சுவரை விட்டு விலகினால் வளைவு முழுவதும் கீழ்முதுகில் விழுந்து கிள்ளும், அங்கேயே நிறுத்துங்கள். தலையைத் தொங்கவிட வேண்டாம். 20 விநாடி போதும். எழும்போது மார்பு முதலில், தலை கடைசியில். பிறகு வஜ்ராசனத்தில் சில மூச்சு அமருங்கள்.

நேர அளவு

முதல் இரண்டு வாரம்: பத்ராசனம் மூன்று நிமிடம், வஜ்ராசனம் ஒரு நிமிடமாக இருமுறை, ஸ்வஸ்திகம் ஐந்து நிமிடம். அடுத்து வீராசனத்தை 30 விநாடியில் சேர்த்து, ஸ்வஸ்திகத்தை வாரத்துக்கு ஒரு நிமிடமாகக் கூட்டுங்கள். ஸ்வஸ்திகத்தில் இருபது நிமிடம் அசையாமல் இருக்க முடிந்தபின் பத்மாசனச் சோதனையைச் செய்து பாருங்கள். மறுநாள் காலையில் முழங்கால் விறைத்திருந்தால் முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், குருத்தெலும்பு கிழிந்து சிகிச்சையில் இருப்பவர்கள் மண்டியிடும் நிலைகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அவர்கள் கைப்பிடியில்லாத நாற்காலியின் முன்விளிம்பில், பாதங்களைத் தரையில் முழுதும் பதித்து, மேலே சொன்ன அதே இடுப்புச் சோதனையோடு அமரலாம்.